மார்ச் 31-க்கும் மழைக்கும் நடுவில்

எங்கள் அறக்கட்டளையில் சம்பளம் வாங்குவது நான்கே பேர். ஊர் ஊராகச் சுற்றுகிற களப்பணியாளர்கள் இரண்டு பேர், அளவெடுத்து எஸ்டிமேட் போடுகிற தம்பி ஒருவர், கணக்கு எழுதுகிற நான். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் சில ஊர்களில் நீர்வடிப்பகுதி வேலை செய்கிறோம். ஓர் ஓடைக்கு மழைத்தண்ணீர் வடிந்து வருகிற நிலம் முழுவதற்கும் அரசுக் கடிதங்களில்தான் நீர்வடிப்பகுதி என்று பெயர். ஊரில் எங்களுக்கு 'வாட்டர்ஷெட்டுக்காரங்க' என்று பெயர். ஆபீஸுக்கு வழி கேட்டு வருகிறவர்களும் அப்படிக் கேட்டுத்தான் வந்து சேருகிறார்கள்.

பதினோரு வருடமாக இந்தக் கணக்கை எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உங்க நிர்வாகச் செலவு எத்தனை பர்சென்ட் மேடம்?" கேட்பதில் தப்பே இல்லை. பணம் கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் மூத்த களப்பணியாளர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பட்ஜெட் தாளில் 'பணியாளர் ஊதியம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரியைப் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். மாதம் முதல் தேதி கிணறு அளக்கக் கிளம்பிவிடுவார். மோட்டார் போடுவதற்கு முன்னால் அளந்தாக வேண்டும், அதனால் வெளிச்சம் வந்ததும் வண்டியை எடுப்பார். கையில் ஒரு நைலான் கயிறு, நுனியில் கல், அடிக்கு ஒரு முடிச்சு. கயிற்றை மெதுவாக விட்டுக்கொண்டே போய், கல் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டதும் பிடித்து நிறுத்துவார். ஒரு தடவை கேட்டால் நம்ப மாட்டார். ஒரு முழம் மேலே தூக்கி, மறுபடி விட்டு, அதே இடத்தில் சத்தம் வந்தால்தான் முடிச்சை எண்ணுவார். ஒவ்வொரு கிணற்றுத் திட்டிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். எந்த மாதமானாலும் அளவு அந்தக் கோட்டிலிருந்துதான். நோட்டில் எழுதும்போதே கிணற்றுக்காரரோடு பேச்சு ஓடும். எந்த வரப்பு உடைந்திருக்கிறது, யார் போர்வெல் போடப் போகிறார், எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஓர் ஓடையில் தடுப்பு கட்ட முடியுமா முடியாதா என்பதைப் பாதி முடிவு செய்வது இந்தப் பேச்சுதான்.

நாங்கள் எடுத்துச் செய்த முதல் பகுதி சுமார் 500 ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். ஒரு சாயங்காலம் 25 மில்லிமீட்டர் பெய்தால் அந்த 500 ஹெக்டேரில் விழுவது 12.5 கோடி லிட்டர். இதை முதன்முதலில் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஒரு பெரியவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, பள்ளிக்கூடத் தரையிலேயே பெருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இத்தனையும் நம்ம ஓடையிலதான் போகுதா?" என்று கேட்டார். அத்தனையும் போவதில்லை. கொஞ்சம் மண் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும். ஆனால் எங்கள் பக்கம் அடியில் இருப்பது பாறை. மேலே இருக்கிற சிதைந்த பாறை அடுக்கும், அதற்குக் கீழே பாறையில் ஓடுகிற வெடிப்புகளும்தான் தண்ணீர் பிடிக்கிற இடம். அதில் தண்ணீர் இறங்க நேரம் வேண்டும். சரிவான நிலத்தில் மழை அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணை பக்கம் போய்விடுகிறது.

ஓடுகிற தண்ணீரை நடக்க வைக்க வேண்டும், நடக்கிற தண்ணீரை நிற்க வைக்க வேண்டும், நிற்கிற தண்ணீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று வாட்டர்ஷெட் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் வேலை எப்போதும் மேலிருந்து கீழ். முதலில் மலைச்சரிவில் சம உயர அகழி, அப்புறம் ஓடைத் தலைப்பில் கல் தடுப்பு, அதற்கும் கீழே காட்டு வரப்பு, பண்ணைக்குட்டை, கடைசியில்தான் தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மேலே இருக்கிற சரிவு பெரும்பாலும் வனத்துறை நிலம். அங்கே மண்வெட்டி வைக்க அனுமதி வேண்டும், அதற்குக் கடிதம், வரைபடம், நடை. அந்த நடைக்கு எந்தத் தலைப்பில் பணம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சேர்ந்த வருடம் அண்ணன் என்னை மலைச்சரிவுக்கு அழைத்துப் போனார். கணக்கு எழுதுகிறவள் எதற்குக் கணக்கு எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்றார். கூட நான்கைந்து பெண்கள். ஆளுயரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக, ஒரே நீளத்தில் இரண்டு கழிகளை எடுத்து உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி வைத்து, நடுவில் குறுக்கே ஒரு கட்டை கட்டினார்கள். ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி. உச்சியிலிருந்து ஒரு நூல், நூலில் ஒரு கல். கல் ஆடி நின்றதும் நூல் குறுக்குக் கட்டையைத் தொடுகிற இடத்தில் கரியால் ஒரு கோடு கிழித்தார் ஒரு அக்கா. பிறகு அந்தச் சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த இடத்தில் வலது காலும் வலது கால் இருந்த இடத்தில் இடது காலும் வருமாறு வைத்தார். நூல் வேறு இடத்தில் நின்றது. அங்கேயும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் மூன்றாவதாக ஒரு கோடு. "இந்த நடுக்கோட்டுல நூல் நின்னா ரெண்டு காலும் ஒரே மட்டம் கண்ணு" என்று எனக்கு விளக்கினார். ஐந்தாவது வரை படித்தவர். அப்புறம் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை முன்னால் சுழற்றி, நூல் நடுவில் வந்து நிற்கிற இடமாகத் தேடித் தேடி வைத்துக்கொண்டே சரிவைக் குறுக்கே கடந்தார். கால் பட்ட இடமெல்லாம் இன்னொருவர் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே வந்தார். திரும்பிப் பார்த்தால் மலையின் வயிற்றில் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் சம உயரக் கோடு. அதன்மேல் வெட்டினால் அகழியில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயாமல் முழு நீளத்துக்கும் நிற்கும். கோடு ஒரு சாண் தப்பினாலும் தண்ணீரெல்லாம் ஒரு மூலைக்கு வந்து அங்கே உடைத்துக்கொண்டு போகும், முன்பு இல்லாத ஒரு ஓடையை நாமே வெட்டிவிட்டதாக ஆகும்.

அகழியில் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் போட வேண்டும், அதுவும் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி. ஒட்டிப் போட்டால் அடுத்த மழையிலேயே திரும்ப உள்ளே விழுந்துவிடும். கல் தடுப்பு கட்டும்போது நடு தாழ்ந்தும் இரண்டு ஓரமும் உயர்ந்தும் இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு வர வேண்டும். இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கட்டும்போது பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் சரியாக வரும். அப்படி நிற்கிறவருடைய சம்பளத்தைத்தான் நிர்வாகச் செலவு என்கிறோம்.

பட்டா நிலத்துக்கு வந்தால் வேலை இன்னும் மெதுவாகும். ஒவ்வொரு காட்டுக்கும் போய், அந்தக் காட்டுக்காரரோடு நடந்து, எங்கே வரப்பு, எங்கே மடை, என்ன மரம் என்று அங்கேயே நின்று திட்டம் போடுவோம். கணவன் மனைவி இரண்டு பேரும் இருந்தால்தான் போடுவது என்று வைத்திருக்கிறோம். மகாராஷ்டிராவில் இந்தோ-ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டம் நடந்த காலத்தில் வளர்ந்த முறை இது. அந்தத் திட்டத்துக்கு வித்திட்டவர் ஹெர்மன் பாக்கர் என்ற பாதிரியார். அந்த முறையில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிலக்கடலைக் காட்டில் புரிந்தது. கணவர் மேட்டு மூலையைக் காட்டி அங்கே வரப்பு போடச் சொன்னார். மனைவி ஒன்றும் பேசாமல் எதிர்ப்பக்கம் நடந்து போய், களை எடுக்கும்போது கால் புதைகிற ஓர் இடத்தைக் காட்டினார். மழை நாளில் தண்ணீர் அங்கேதான் திரண்டு அறுத்துக்கொண்டு போகும் என்றார். தம்பி லெவல் வைத்துப் பார்த்தான். அந்த அம்மா சொன்னது சரி.

இனி பணம். எங்கள் முதல் திட்டம் நபார்டு வங்கியின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியில் நடந்தது. மத்திய அரசு 100 கோடி, நபார்டு 100 கோடி என்று 200 கோடி ரூபாயில் 1999-2000-ல் தொடங்கிய நிதி அது. அதன் விதிகள் எனக்குப் பிடிக்கும். ஊர் முதலில் கூலி வாங்காமல் நான்கு நாள் உழைத்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அடுத்த பேச்சு. அப்புறம் ஏறக்குறைய 100 ஹெக்டேரில் மட்டும் ஒரு பயிற்சிக் கட்டம். அதில் ஊரும் நாங்களும் தேறினால்தான் முழு வேலைக்குப் பணம். ஊர் நீர்வடிப்பகுதிக் குழுவும் எங்களைப் போன்ற நிறுவனமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியிலிருந்து எடுக்க முடியும். கூலியில் 16 சதவீதத்தை ஊர் உழைப்பாகத் தர வேண்டும். நிலமில்லாதவர்களுக்கும் தனித்து வாழ்கிற பெண்களின் குடும்பங்களுக்கும் அதில் விலக்கு உண்டு. அந்தப் பங்களிப்பில் ஒரு பகுதி பராமரிப்பு நிதியாக ஊர்ப் பெயரில் வங்கியில் நிற்கும். இந்தப் பராமரிப்பு நிதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அரசின் நேரடித் திட்டத்திலும் இதே போல ஊர்ப் பங்களிப்பு உண்டு. 2008 பொது வழிகாட்டுதல்படி வேலைக்கு அரசு ஒதுக்கியது ஹெக்டேருக்கு 12,000 ரூபாய், மலைப்பாங்கான இடமென்றால் 15,000. 2021-க்குப் பிறகு அது 22,000, 28,000 என்று உயர்ந்தது. கூலியும் டீசலும் ஏறிய ஏற்றத்துக்கு அது வந்தே ஆக வேண்டிய உயர்வு. அந்த வழிகாட்டுதலில் நிர்வாகத்துக்கு 10 சதவீதம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதே எனக்கு ஒரு நிம்மதி.

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று தருகிற சிஎஸ்ஆர் பணம் வேறு மாதிரி. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகர மதிப்போ உள்ள கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். மண்ணையும் நீரையும் காப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதனால் எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது நடந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களிடம் வந்த கம்பெனிகளில் ஒன்றிரண்டு, "ரூல்படி நிர்வாகச் செலவு 5 பர்சென்ட்தான்" என்று எங்கள் பட்ஜெட்டில் கை வைத்தன. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்துவதற்கு ஆகிற செலவுக்கு. திட்டத்தை வடிவமைத்து நடத்த நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. இதை நான் அச்செடுத்து பைலில் வைத்திருக்கிறேன், கூட்டத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகிறேன். உங்கள் ஊரில் யாராவது இப்படி ஒரு நிறுவனம் நடத்தினால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று தேதி. எங்கள் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் மழை தரும். மண் வேலைக்கு நல்ல காலம் தை அறுப்பு முடிந்து, காடு காலியாகி, ஆனி மழை வருவதற்குள். பிப்ரவரியிலிருந்து மே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அதன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது மார்ச் 31. பணம் டிசம்பரில் வரும், மார்ச் 31-க்குள் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும். ஜனவரியில் காட்டில் பயிர் நிற்கும், ஏப்ரலில் கணக்கு மூடியிருக்கும். பல வருடத் திட்டமாக அறிவித்து, மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு 3 வருடம் வரை செலவழிக்க 2021 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்டால் சில கம்பெனிகள் செய்கின்றன. கேட்க வேண்டும்.

இந்த அவசரத்தில் நாங்களே ஒரு தப்பு செய்தோம். ஒரு கம்பெனிக்கு ஒரே பருவத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று வேண்டும், ரிப்பன் வெட்டி, பெயர்ப்பலகை வைக்க வேண்டும். மலைச்சரிவில் அகழி வெட்ட வனத்துறை அனுமதி இன்னும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. மேலே ஒன்றும் செய்யாமல் கீழே ஒரு சிமென்ட் தடுப்பணை கட்டினோம். அண்ணன் வேண்டாம் என்றார். நான்தான் கணக்கைக் காட்டி அவரைச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு மழைக்காலத்தில் அணை முழுக்க மணல். இன்று அதன்மேல் ஆடு மேய்கிறது. பலகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தக் காசுக்கு எத்தனை கல் தடுப்பு வந்திருக்கும்! அதற்கப்புறம் ஒரு முடிவெடுத்தோம். மேல்வேலை முடியாத ஓடையில் சிமென்ட் வேலைக்கு யார் பணம் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இரண்டு தடவை அப்படித் திருப்பியும் அனுப்பியிருக்கிறோம்.

வெளிநாட்டுப் பணம் எங்களுக்குக் கிடையாது, அதை வாங்க வேண்டிய எஃப்சிஆர்ஏ பதிவு எங்களிடம் இல்லை. முன்பு பெரிய நிறுவனம் ஒன்று தான் வாங்கிய வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க முடிந்தது. 2020 சட்டத் திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டது.

மீதி இருப்பது தனிமனிதர்கள் தருவது. மாதம் 500 ரூபாய் அனுப்புகிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இந்த ஊரில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் போனஸ் வந்தால் அனுப்புவார்கள். 80ஜி ரசீது கொடுப்போம், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கொடுத்த தொகையில் பாதிக்கு வரிக் கழிவு உண்டு. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் எங்களுக்குக் கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை, அதை நான் மனதார எழுதி வைக்க விரும்புகிறேன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. மே 31-க்குள் ஒவ்வொருவரின் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் இரவு வெகுநேரம் இதற்காக உட்காருவேன். தொகை என்னவோ சின்னதுதான். ஆனால் இந்தப் பணத்துக்கு மார்ச் 31 கிடையாது, பலகை கிடையாது. சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் கைகொடுப்பது இதுதான்.

முதல் திட்டம் முடிந்து அடுத்தது வருவதற்குள் எட்டு மாதம் இடைவெளி விழுந்தது. அந்த எட்டு மாதமும் முழுச் சம்பளம் கொடுக்க எங்களிடம் பணமில்லை. தம்பி ஒரு கட்டடக் கான்ட்ராக்டரிடம் வேலைக்குப் போனான். அண்ணன் சேகோ ஆலைக்குப் போகிற மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு லோடு ஏற்றப் போனார். இது எங்களுக்கு நேர்ந்த அவமானம் என்றே நினைக்கிறேன், இன்றும் அவர் முகத்தைப் பார்த்து அதைப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கிணற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்த எட்டு மாதத்தில் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. முதல் தேதி காலை அளந்துவிட்டுத்தான் லோடுக்குப் போயிருக்கிறார்.

2024 டிசம்பர் முதல் இரண்டு நாள் ஃபெஞ்சல் புயல் மழை. பக்கத்து ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு ஹெக்டேருக்கு 50 லட்சம் லிட்டர்! எங்கள் ஊர்களிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எந்த எஸ்டிமேட்டிலும் அப்படி ஒரு மழை இல்லை. மூன்றாம் நாள் வழி விட்டதும் நாங்கள் நான்கு பேரும் மேலே ஏறினோம். அகழிகளில் சேறு கால்வாசிக்கு நிறைந்திருந்தது, ஆனால் கோடு நின்றது. அந்த வெள்ளைக் கோட்டின் வளைவு அப்படியே இருந்தது. ஓடைத் தலைப்பில் பதினொரு கல் தடுப்பு போய்விட்டது. கல்லெல்லாம் கீழே சிதறிக் கிடந்தது. போனவற்றில் பெரும்பாலானவை கடைசி மாதங்களில் அவசரமாகக் கட்டியவை. அந்த மாதங்களின் கூலிப் பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் இரண்டு குட்டைகளின் களிங்கு, அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து போகிற இடம், உடைந்திருந்தது.

சரிசெய்யப் பணம் கேட்டு மூன்று இடத்துக்கு எழுதினோம். திட்டம் முடிந்து கணக்கு மூடிய இடத்துக்கு மறுபடி நிதி தர வழியில்லை என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். புதிதாகக் கட்டுவதென்றால் தருகிறோம், பழுதுபார்க்க முடியாது என்று இன்னோர் இடத்தில். மூன்றாவது இடத்திலிருந்து பதிலே இல்லை. அவர்கள் யார் மேலும் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் விதி இருக்கும். ஆனால் ஓடைக்கு அந்த விதி தெரியாதே.

அப்போதுதான் பராமரிப்பு நிதி. முதல் திட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்காரரும் உழைப்பாகத் தந்ததிலிருந்து சேர்ந்து, வட்டியோடு ஊர்ப் பெயரில் கிடந்த பணம். வருடக்கணக்கில் யாரும் தொடாத பணம். இடையில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எடுத்துத் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது, குழுத் தலைவி அக்கா பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்தை விட்டே எழுந்து போனவர். புயலுக்கு அப்புறம் நடந்த கூட்டத்தில் அவரே அதை எடுத்து மேசைமேல் வைத்தார். சண்டை வராமல் இல்லை. மேட்டுக் காட்டுக்காரர்கள் கல் தடுப்பை முதலில் பார்க்கச் சொன்னார்கள். கீழே இருக்கிறவர்களுக்குக் களிங்குதான் அவசரம். ராத்திரி பத்தரை மணி வரை பேசினோம். கடைசியில் கல் தடுப்புக்கு நிதியிலிருந்து கூலி, களிங்குக்கு அந்தந்தக் குட்டைப் பாசனக்காரர்கள் பாதி, நிதியில் பாதி என்று முடிந்தது. குட்டையில் சேர்ந்த வண்டலைக் காட்டுக்கு அடிப்பவர்கள் டிராக்டர் வாடகையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது. மார்ச் 31 வந்தது, போனது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. மே கடைசியில் முடித்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு தடுப்புக்கும் அண்ணன் பக்கத்தில் நின்றார்.

கல் தூக்கியவர்களில் பாதிப்பேர் நிலமில்லாதவர்கள். அவர்களுக்குக் கூலிக்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிற கேள்வி. ஹரியானாவில் சுகோமாஜ்ரி என்ற ஊரில் 1970-களில் கட்டிய அணைத் தண்ணீரில் நிலமில்லாத வீட்டுக்கும் சம பங்கு கொடுத்தார்கள். எங்களால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை. குட்டையில் மீன் வளர்க்கும் குத்தகையையும் கரைப் புல்லையும் நிலமில்லாத பெண்களின் குழுவுக்கு என்று எழுதி வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். இன்னொரு உறுத்தல் போர்வெல். மேலே நாங்கள் சொட்டுச் சொட்டாக இறக்குவதை, கீழே எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று துளை போட்டு ஒருவர் ஒரே பருவத்தில் உறிஞ்சிவிட முடியும். அதைத் தடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை, பேசத்தான் முடியும். போர் போட நினைக்கிறவர் வீட்டுக்கு அண்ணன் அந்தக் கிணற்று நோட்டை எடுத்துக்கொண்டு போவார். அவர் கிணற்றின் பத்து வருட அளவை அவருக்கே படித்துக் காட்டுவார். சிலர் கேட்டிருக்கிறார்கள்.

கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று கேட்பீர்கள். பல கிணறுகளில் கோடை அளவு முன்பைவிட மேலே இருக்கிறது. ஆனால் நல்ல மழை வருடங்களும் நடுவில் வந்தன, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வேலையால் எத்தனை அடி, மழையால் எத்தனை அடி என்று பிரித்துச் சொல்ல அந்த நோட்டு போதாது. அறிக்கையில் அப்படிப் பிரித்து எழுதச் சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். வண்டலைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். கல் தடுப்புகளுக்குப் பின்னால் தேங்கிய மண்ணை நாங்கள் கம்பு நட்டு அளக்கிறோம். அது கண்ணெதிரே நிற்கிற மண்.

இந்த வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். நிதியில் எடுத்ததைத் திரும்ப நிரப்ப, காட்டுக்கு இவ்வளவு என்று வருட வரி போடலாமா என்பதுதான் பேச்சு. எவ்வளவு என்பதில் ஏற்கெனவே இரண்டு கட்சி. செலவுக் கணக்கு முழுவதையும் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறார் தலைவி அக்கா. கல் தடுப்பு வரைக்கும் எழுதிவிட்டேன், களிங்கும் டிராக்டரும் பாக்கி. அண்ணன் சம்பளத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று அக்காவிடம் கேட்டேன். "தடுப்பு கட்டுன செலவுலயே போடும்மா" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.